மூன்றாவது ஓட்டம்

எண்ணூறு லிட்டர்க் கலன்.
தலையை உள்ளே விட்டால்
என் மூச்சே எனக்குத் திரும்பி வருகிறது.
டெப்ரெட்சனில் இரவு இரண்டேகால்.
வெளியே டிராம் தண்டவாளத்தில் உறைபனி,
உள்ளே கழுவி ஆறிய எஃகு,
என் முகத்தை எனக்கே காட்டும் பளபளப்பு.

பளபளப்பை நம்பாமல் இருக்கத்தான்
எனக்குச் சம்பளம்.
நேற்று இதில் பெரியவர்களின் வலிப்பு மருந்து,
நாளை பிள்ளைகளின் இருமல் மருந்து.
நடுவில் நான்,
ஈரப் பஞ்சுக்குச்சியோடு.
ஐந்துக்கு ஐந்து சென்டிமீட்டர் சதுரம்;
இடமிருந்து வலம் பத்து இழுப்பு,
புரட்டி, மேலிருந்து கீழ் பத்து.
நுனியை முறித்துக் குப்பியில் போட்டு
மூடி, எண், நேரம், போர்பாலா என்று கையெழுத்து.
சட்டியில் இருந்தால் அகப்பையில் வருமாம்.
சட்டியில் இல்லை என்று
அகப்பையை வைத்து நிரூபிப்பது
வேறு பிழைப்பு.

(என் வீட்டுக் கோப்பையில்
மூன்று வருடத் தேநீர்க் கறை.
அது பற்றி யாரும் அறிக்கை கேட்பதில்லை.)

ஒரு முறை சுத்தமானால் தற்செயல்.
இரண்டு முறை ஆனால் அதிர்ஷ்டம்.
மூன்று முறை வந்தால்தான்
அது முறை.

முதல் ஓட்டம், வெண்டெல் கழுவினான்:
0.4 மைக்ரோகிராம். எல்லை பத்து.
இரண்டாவதும் வெண்டெல்தான்: 0.3.
தர மேலாளர் செரெஞ்சி
பொகாச்சா வாங்கிவந்து மேசையில் வைத்தார்.
மூன்றாவது நாள்
வெண்டெலுக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கினார்கள்.
எட்டெல்கா வந்தாள்.
ரொட்டிக்கடையில் இருபது வருடம் மாவு பிசைந்துவிட்டு
போன வசந்தத்தில் இங்கே சேர்ந்தவள்.
விரல் வைத்து வரிவரியாகப் படித்துக் கழுவினாள்.
இருபத்தேழு.

எல்லோரும் அவளைப் பார்த்தோம்.
நானும் பார்த்தேன், மறைப்பானேன்.
பொகாச்சாவைக் கடித்தவர்கள்
அப்படியே கீழே வைத்தார்கள்.
அவள் காகிதத்தை நீட்டினாள்:
முப்பத்தொரு வரி, முப்பத்தொரு குறி.
வெப்பநிலைப் பட்டியல் சரி.
நீரின் வேகம் சரி.
கழுவுதூள் எடை, நின்ற நிமிடம், கடைசி அலசல்,
எல்லாம் சரி.
எல்லாம் சரியாக இருந்து ஒன்று தவறினால்
அந்த அறைக்குள் யாரும் யாரோடும் பேசுவதில்லை.

வைட்டமின் பி2 கரைசலை உள்ளே பூசினோம்.
காகிதப்படியே கழுவினோம்.
விளக்கை அணைத்துப் புற ஊதா டார்ச்சை இறக்கினேன்.
கலன் முழுக்கக் கும்மிருட்டு.
கலக்கும் அலகின் அடித்தோளில் மட்டும்
வெட்டிப்போட்ட நகமளவு ஒரு பிறை,
மஞ்சளும் பச்சையுமாய் ஒளிர்ந்தது.
தெளிகுமிழின் தண்ணீர்
ஒரு நாளும் போய்ச் சேராத இடம்.

வீங்கிய கன்னத்தோடு வெண்டெல் எட்டிப் பார்த்தான்.
"அங்கேயா? அங்கே நான்
துணியால் ஒரு இழுப்பு இழுத்துவிடுவேனே."
"எப்போதுமா?"
"எப்போதும்."
"ஏன் எழுதவில்லை?"
"அதற்குக் கட்டம் இல்லையே."

தவறியது ஒரு ஓட்டம்.
செல்லாமல் போனவை மூன்று.
முதல் இரண்டிலும் நாங்கள் அளந்தது
எங்கள் முறையை அல்ல,
வெண்டெலின் கையை.
அந்தக் கைக்கு ஒரு நாள் பல் வலிக்கும்,
அன்று யாரோ ஒரு பிள்ளை இருமும்.

அவன் துணியைக் காகிதத்தில் சேர்க்கலாமே என்றேன்.
செரெஞ்சி தலையை ஆட்டவில்லை.
கீழிருந்து பாயும்படி
இன்னொரு தெளிகுமிழ் பொருத்தினார்கள்.
எட்டெல்காவிடம் யாரும் மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை.
நான் கேட்டேன்.
"மாவும் இப்படித்தான்," என்றாள்,
"விளிம்பில் ஒட்டும்."
வேறொன்றும் சொல்லவில்லை.

இன்று திரும்பவும் எட்டெல்கா கழுவுகிறாள்.
வெண்டெல் பார்க்க மட்டும் வந்திருக்கிறான்.
எங்கள் அங்கியில் பைகள் கிடையாது.
கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல்
முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறான்,
அவிழ்க்கிறான், கட்டிக்கொள்கிறான்.
தண்ணீர் நிற்கிறது.
அடித்தோளில் குச்சியை வைக்கிறேன்.
இடமிருந்து வலம் ஒன்று.

குப்பியின் சீட்டில் எழுதியிருக்கிறது:
முதல் ஓட்டம்.